பாசியை மேய்வது யார்?

ஆடு தொடாத இலை

ஆடு எல்லா இலையையும் தின்னும் என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில செடிகளின் பக்கம் ஆடு போவதே இல்லை என்பார்கள்.

ஆடாதொடை என்று ஒரு செடி உண்டு. ஆடு தொடாது. அதனால்தான் அந்தப் பெயர். ஆடுதின்னாப்பாளை என்று இன்னொரு செடி. அதன் பெயரே செய்தியைச் சொல்லி விடுகிறது. எருக்கஞ் செடியும் அப்படித்தான். தெரு ஓரத்தில் செழிப்பாக நிற்கும். ஆடும் மாடும் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

ஏன்?

செடிக்குக் கால் இல்லை. ஆடு வந்தால் ஓட முடியாது. கொம்பு இல்லை. எதிர்த்து முட்ட முடியாது. அதனால் சில செடிகள் இலைக்குள்ளேயே கசப்பையும் நஞ்சையும் வைத்திருக்கின்றன. அதுதான் அவற்றுக்கு வேலி.

ஆனால் எருக்கிலையையும் ஓர் உயிர் தின்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட ஒரு புழு அது. பின்னால் அது பட்டாம்பூச்சி ஆகும். எருக்கின் நஞ்சு அந்தப் புழுவைக் கொல்வதில்லை. மாறாக, புழுவின் உடம்பில் சேர்ந்து அதையே கசப்பாக்குகிறது. பறவைகள் அதைக் கொத்தத் தயங்குகின்றன. செடியின் வேலி புழுவுக்கும் வேலி ஆகிவிட்டது.

இதே கதை கடலுக்குள்ளும் நடக்கிறது. அங்கே செடிக்குப் பதிலாகப் பாசி இருக்கிறது. ஆட்டுக்குப் பதிலாக மீன் இருக்கிறது. புழுவுக்குப் பதிலாக, அரிசி மணி அளவு உள்ள ஒரு சிறு உயிரி இருக்கிறது.

கடலுக்கு அடியில் எது எதைத் தின்றால் நமக்கு என்ன என்று தோன்றலாம். ஆனால் பவளப்பாறை வாழ்வதும் அழிவதும் இந்த மேய்ச்சலைப் பொறுத்தது. பவளப்பாறை அழிந்தால் மீனும் குறையும். மீன் குறைந்தால் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது.

கடலுக்குள் ஒரு தோட்டம்

குளத்திலும் ஈரச் சுவரிலும் பாசி படியும். அதைப் பார்த்திருப்பீர்கள். கடல் பாசி அதைவிடப் பெரியது. பார்ப்பதற்குச் செடி போலவே இருக்கும். ஆனால் அதற்கு உண்மையான வேர் கிடையாது. பூவும் காயும் கிடையாது. அடியில் ஒரு பிடிப்பு இருக்கும். அந்தப் பிடிப்பால் பாறையைப் பற்றிக் கொள்ளும். உணவை வேரால் உறிஞ்சாது. உடம்பு முழுவதாலும் கடல் நீரிலிருந்து எடுத்துக் கொள்ளும். சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும்.

கடல் பாசிகளை நிறத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். பச்சைப் பாசி, பழுப்புப் பாசி, சிவப்புப் பாசி. இந்தியக் கடற்கரையில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. குஜராத்தில் ஓக்கா, வேராவல் கரைகளில் பாசி நிறைய வளர்கிறது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவில் வளர்கிறது. இலட்சத்தீவிலும் அந்தமானிலும் பவளப்பாறைகளுக்கு இடையே வளர்கிறது.

இராமநாதபுரம் கடலோரத்து மக்கள் பாசிகளுக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்வார்கள். கஞ்சிப்பாசியிலிருந்தும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் என்ற பொருளை எடுக்கிறார்கள். நோன்பு நாட்களில் பல வீடுகளில் கடல்பாசி காய்ச்சிக் குளிர வைத்துச் சாப்பிடுவார்கள். அது இந்த அகர்தான். கட்டக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் வேறொரு பசைப் பொருள் கிடைக்கிறது. ஐஸ்கிரீம் செய்யவும் துணியில் அச்சுப் போடவும் அது பயன்படுகிறது.

மேய வரும் உயிர்கள்

தோட்டம் இருந்தால் மேய்ச்சலும் இருக்கும். கடல் தோட்டத்தை மேய்வது யார்?

முதலில் மீன்கள். ஓரா மீன் பாசி தின்னும். கிளி மீனும் தின்னும். கிளி மீனின் வாய் கிளியின் அலகு போல இருக்கும். பாறையில் படிந்த பாசியை அது சுரண்டித் தின்னும்.

அடுத்தது கடல் முள்ளெலி. இது எலி அல்ல. உருண்டையான உடம்பு. சுற்றிலும் முள். வாய் அடிப்பக்கம் இருக்கும். பாறை மேல் மெதுவாக நகர்ந்து பாசியைக் கறுக்கித் தின்னும்.

மூன்றாவது, சின்னஞ்சிறு உயிர்கள். கடல் நத்தை, கடல் முயல் போன்றவை. கடல் முயல் என்பதும் ஓட்டை வெளியே காட்டாத ஒரு வகை நத்தைதான். தலையில் இரண்டு காது போல நீட்டிக் கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். இவற்றோடு ஆம்பிபாட் என்ற உயிரியும் உண்டு. இறாலுக்குத் தூரத்து உறவு. பார்ப்பதற்குக் கூனி போல இருக்கும். முதுகு வளைந்திருக்கும். பெரும்பாலானவை 1 சென்டிமீட்டர் கூட இருக்காது. கரையில் ஒதுங்கிய ஈரப் பாசியைத் தூக்கி உதறினால் சின்னச் சின்னதாகத் தத்தி ஓடுமே, அவற்றில் பல இந்த இனம்தான்.

மீனுக்கும் இந்தச் சிறு உயிர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மீன் பல இடம் போகும். இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று தின்னும். ஆம்பிபாட் அப்படி அல்ல. அது ஒரு பாசியிலேயே குடியிருக்கும். பாசிதான் அதற்குச் சோறு. பாசிதான் அதற்கு வீடு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஓட முடியாத பாசி என்ன செய்யும்?

பாசியாலும் ஓட முடியாது. ஆனால் அது சும்மா இருப்பதில்லை. தன்னைக் காத்துக் கொள்ளப் பல வழிகளை வைத்திருக்கிறது.

சில பாசிகள் உடம்பில் சுண்ணாம்பைச் சேர்த்துக் கொள்ளும். ஹாலிமீடா என்று ஒரு பச்சைப் பாசி உண்டு. சின்னச் சின்ன வில்லைகளைக் கோத்தது போல இருக்கும். இலட்சத்தீவிலும் அந்தமானிலும் இதைப் பார்க்கலாம். இதன் வில்லைகளில் சுண்ணாம்பு ஏறியிருக்கும். கடித்தால் கல்லைக் கடித்தது போல இருக்கும்.

ஆனால் புதிதாகத் துளிர்க்கும் வில்லை மென்மையாக இருக்குமே? அதற்கும் ஹாலிமீடா வழி வைத்திருக்கிறது. அது இரவில்தான் புதிய வில்லைகளை விடும். பாசி தின்னும் மீன்கள் இரவில் மேய்வதில்லை. மேலும், இளம் வில்லையில் நஞ்சு அதிகமாக இருக்கும். சுண்ணாம்பு ஏறி வில்லை கெட்டிப்படும் வரை அந்த நஞ்சு காவல் காக்கும். மீன் கடித்து ஹாலிமீடாவில் காயம் பட்டால் இன்னொன்றும் நடக்கும். காயம் பட்ட இடத்தில் உள்ள இரசாயனப் பொருள் சில நொடிகளில் மேலும் கடுமையான பொருளாக மாறிவிடும்.

சில பாசிகள் அமிலத்தைச் சேர்த்து வைக்கும். குளிர்ந்த கடல்களில் டெஸ்மரெஸ்டியா என்ற பழுப்புப் பாசி வளர்கிறது. அந்த இனத்தில் சில வகைகளின் உடம்பில் கந்தக அமிலம் இருக்கிறது. லாரி பாட்டரியில் ஊற்றுகிறார்களே, அந்த வகை அமிலம்தான். இந்தப் பாசியை மற்றப் பாசிகளோடு ஒரே பையில் போட்டால் மற்றவையும் கெட்டுவிடும்.

இன்னும் சில பாசிகளில் துவர்ப்பு இருக்கும். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். கடுக்காயைக் கடித்தாலும் அப்படித்தான். அதுபோன்ற துவர்ப்புப் பொருள் பழுப்புப் பாசிகள் பலவற்றில் உண்டு.

பாசி எப்போதும் ஒரே அளவு துவர்ப்பாக இருப்பதில்லை. ஸ்வீடன் நாட்டின் கடலோரத்தில் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். ஒரு பழுப்புப் பாசியில் நத்தைகளை மேய விட்டார்கள். நத்தை மேய்ந்த பாசியில் துவர்ப்புப் பொருள் கூடியது. கத்தரியால் வெட்டிப் பார்த்தார்கள். அப்போது அப்படிக் கூடவில்லை. வெறும் காயத்துக்கும் நத்தையின் கடிக்கும் உள்ள வேறுபாடு பாசிக்குத் தெரிந்திருக்கிறது!

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. நத்தை மேய்ந்த பாசியைத் தொட்டு வந்த நீரை, மேயாத பாசியின் பக்கம் ஓட விட்டார்கள். மேயாத பாசியிலும் துவர்ப்புப் பொருள் கூடியது. பக்கத்தில் ஆபத்து என்ற செய்தி நீர் வழியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தச் சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டு வெளியானது.

நஞ்சு வீட்டில் குடியிருப்பு

இப்போது மீண்டும் அந்தச் சின்ன ஆம்பிபாட்டைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வட கரோலினா என்று ஒரு மாநிலம். அதன் கடலோரத்தில் மார்க் ஹே, எம்மெட் டஃபி என்ற விஞ்ஞானிகளும் அவர்களோடு சிலரும் ஆராய்ச்சி செய்தார்கள். அங்கே டிக்டியோட்டா என்ற பழுப்புப் பாசி வளர்கிறது. நாடாவைப் போலத் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு நுனியும் இரண்டு இரண்டாகப் பிரியும். நம் நாட்டுக் கரையிலும் இந்த இனம் உண்டு. இங்கே அதை நாடாப் பாசி என்று சொல்வோம்.

நாடாப் பாசியில் கடுமையான இரசாயனப் பொருள்கள் உள்ளன. விஞ்ஞானிகள் அந்தப் பொருள்களைப் பிரித்து எடுத்தார்கள். விலங்குகள் விரும்பித் தின்னும் உணவில் அதைச் சேர்த்தார்கள். மீனுக்குக் கொடுத்தார்கள். மீன் தின்பது குறைந்தது. கடல் முள்ளெலிக்குக் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. ஓர் இன ஆம்பிபாட்டுக்குக் கொடுத்தார்கள். அது வழக்கம் போலத் தின்றது! இந்த முடிவு 1987-ஆம் ஆண்டு வெளியானது.

மீன் வெறுப்பதை இந்தச் சிறு உயிரி ஏன் தின்கிறது? இங்கேதான் சோறும் வீடும் என்ற செய்தி உதவுகிறது.

ஆம்பிபாட் சுவையான பாசி ஒன்றில் குடியிருப்பதாக வைத்துக் கொள்வோம். மீன் வந்து அந்தப் பாசியைக் கவ்வும். பாசியோடு சேர்ந்து ஆம்பிபாட்டும் மீனின் வாய்க்குள் போய்விடும். நாடாப் பாசியில் குடியிருந்தால் அந்தக் கவலை குறைவு. மீன் அந்தப் பாசியின் பக்கம் அதிகம் வராது. மீனுக்குப் பிடிக்காத வீடே ஆம்பிபாட்டுக்குப் பாதுகாப்பான வீடு.

இதை இன்னொரு வகையிலும் பார்த்தார்கள். அதே கடலில் வேறோர் இன ஆம்பிபாட்டும் உண்டு. அதற்கு நாடாப் பாசி பிடிக்காது. கோடையில் அந்தக் கரையில் மீன்கள் பெருகும். அப்போது இந்த இரண்டாவது இனம் மிகவும் குறைந்து போகும். நாடாப் பாசியில் வாழும் இனமோ தாக்குப் பிடிக்கும்.

இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவின் வடக்குக் கரையில் குளிர் அதிகம். அங்கே நாடாப் பாசி வளர்வதில்லை. ஆனால் அதே இன ஆம்பிபாட் அங்கேயும் உண்டு. வடக்கே வாழும் ஆம்பிபாட்டுக்கு நாடாப் பாசியைக் கொடுத்தார்கள். தெற்கே வாழ்வது தின்ற அளவுக்கு அது தின்னவில்லை. அதைத் தின்று நன்றாக வாழவும் முடியவில்லை. நஞ்சைத் தாங்கும் திறன் ஒரு நாளில் வருவதல்ல. அந்தப் பாசியோடு பல தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்ததால் வந்தது.

கரீபியன் கடலில் உள்ள மற்றொரு இன ஆம்பிபாட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது நாடாப் பாசியை வாயால் கத்தரிக்கும். இரண்டு துண்டு எடுக்கும். இரண்டையும் ஓரத்தில் இணைக்கும். சிப்பி போல ஒரு கூடு தயாராகிவிடும். அதற்குள் உடம்பை நுழைத்துக் கொள்ளும். போகும் இடமெல்லாம் கூட்டோடு போகும். பசித்தால் அந்தக் கூட்டையே தின்னும். மீன் வந்து கவ்வினால் கூட்டின் கெட்ட சுவை தெரியும். உடனே துப்பிவிடும்.

இதையும் சோதித்தார்கள். நாடாப் பாசியை எடுத்துவிட்டார்கள். சுவையான பச்சைப் பாசியை மட்டும் கொடுத்தார்கள். வேறு வழி இல்லாமல் ஆம்பிபாட் அதில் கூடு செய்தது. மீன்கள் அதைக் கூட்டோடு தின்றுவிட்டன. காப்பாற்றியது கூடு அல்ல. கூட்டில் இருந்த கசப்புதான்.

வாடகை தரும் குடியிருப்பு

வீட்டில் குடியிருப்பவர் வீட்டையே தின்றால் வீட்டுக்கு நட்டம்தானே? எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

உலகின் தெற்குக் கோடியில் அண்டார்க்டிகா இருக்கிறது. அங்கே கடலுக்குள் பெரிய பழுப்புப் பாசிகளும் சிவப்புப் பாசிகளும் காடு போல வளர்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கெட்ட சுவை உண்டு. அந்தக் காட்டில் ஆம்பிபாட்டுகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் அவற்றின் எண்ணிக்கை இலட்சத்தையும் தாண்டும்.

இத்தனை வாய்கள் இருந்தும் காடு அழியவில்லை. காரணம், அவற்றில் பெரும்பாலானவை பெரிய பாசியைத் தின்பதில்லை. பெரிய பாசியின் மேல் மயிரிழை போலச் சிறு பாசிகள் படியும். அவை ஒளியை மறைத்துப் பெரிய பாசியை வாட்டும். ஆம்பிபாட்டுகள் அந்தச் சிறு பாசியைத் தின்று துப்புரவு செய்கின்றன. பெரிய பாசி அவற்றுக்கு ஒளிந்திருக்க இடம் தருகிறது. மீனிடமிருந்து காக்கிறது. இவை வாடகையாகத் துப்புரவு வேலை செய்கின்றன.

மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும்?

பாசிக்கு வேலி உண்டு. அந்த வேலியைத் தாண்டி மேயும் உயிர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்து இருக்கும் வரை கடல் தோட்டம் அளவோடு இருக்கும். மேய்பவை போய்விட்டால்?

ஜமைக்கா என்ற தீவில் அது நடந்தது. அது கரீபியன் கடலில் உள்ளது. அந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருந்தன. பவளப்பாறை வெறும் கல் அல்ல. பவளம் என்ற சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. மீன்கள் அதில் குஞ்சு வளர்க்கும். ஒளிந்து கொள்ளும். இரை தேடும்.

ஜமைக்காவில் பல ஆண்டுகளாக அளவு மீறி மீன் பிடித்தார்கள். பாசி தின்னும் மீன்கள் குறைந்தன. ஆனாலும் பாசி பெருகவில்லை. நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏராளமாக இருந்தன. மீன் செய்த வேலையையும் அவையே செய்தன. 1980-ஆம் ஆண்டு ஒரு பெரும் புயல் அடித்தது. பவளங்கள் உடைந்தன. மீண்டும் துளிர்க்கத் தொடங்கின.

1983-ஆம் ஆண்டு ஒரு நோய் வந்தது. கரீபியன் கடல் எங்கும் அது பரவியது. 100 முள்ளெலிகளில் 90-க்கு மேல் செத்துப் போயின. இப்போது மேய யாரும் இல்லை. பாசி பவளத்தின் மேல் ஏறியது. ஒளியை மறைத்தது. 1970-களின் இறுதியில் அந்தப் பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் 100-இல் 5 பங்கு கூட மிஞ்சவில்லை. பாறைகளின் மிகப் பெரும் பகுதியைப் பாசி மூடிவிட்டது.

மேய்ப்பு வேலையை ஒரே ஓர் உயிரை நம்பி விட்டதன் விளைவு அது.

பாசி ஒளியை மறைப்பதோடு நிற்பதில்லை. சில பாசிகளின் நஞ்சு பவளத்தையும் தாக்கும். பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவில் இதைக் கண்டறிந்தார்கள். பாசியின் சாரத்தை மட்டும் எடுத்தார்கள். பவளத்தின் மேல் படும்படி வைத்தார்கள். பட்ட இடத்தில் பவளம் வெளுத்தது. மீனை விரட்ட வைத்திருந்த நஞ்சு பவளத்துக்கும் பகை ஆகிறது. இந்த முடிவு 2010-ஆம் ஆண்டு வெளியானது.

பிஜியில் நல்ல செய்தியும் உண்டு. அங்கே சில கிராம மக்கள் தங்கள் பவளப்பாறையில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தப் பகுதியில் பவளம் நிறைய இருக்கிறது. பாசி குறைவாக இருக்கிறது. பக்கத்தில் மீன் பிடிக்கும் பகுதியில் பாசி மண்டிக் கிடக்கிறது. காவல் உள்ள பகுதியில் எந்த மீன் எந்தப் பாசியைத் தின்கிறது என்று விஞ்ஞானிகள் பார்த்தார்கள். ஒரு மீன் பழுப்புப் பாசியைத் தின்றது. ஓரா இனத்து மீன் ஒன்று, மற்ற மீன்கள் தொடாத ஒரு பச்சை நச்சுப் பாசியைத் தின்றது. ஒவ்வொரு நஞ்சுக்கும் அதைத் தாங்கும் ஒரு வாய் வேண்டும். அதனால் ஒரு வகை மீன் மட்டும் இருந்தால் போதாது. பல வகையும் இருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கடலில்

இலட்சத்தீவு மக்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் சூரை மீன் பிடிப்பவர்கள். கம்பும் தூண்டிலும் கொண்டு பிடிப்பார்கள். அதனால் பவளப்பாறையில் மேயும் கிளி மீன் போன்றவை நிறைய மிஞ்சி இருந்தன. 1998-ஆம் ஆண்டு கடல் நீர் மிகவும் சூடானது. பவளங்கள் வெளுத்து இறந்தன. வெறும் பாறையில் பாசி மண்டியிருக்க வேண்டும். ஆனால் மீன்கள் மேய்ந்து கொண்டே இருந்தன. பாசி மண்டவில்லை. சில இடங்களில் பவளம் மறுபடியும் வளர்ந்தது.

பிறகு 2010, 2016, 2024 ஆண்டுகளிலும் கடல் சூடானது. பவளம் மீண்டும் மீண்டும் அடிபட்டது. மேய்ச்சல் இருந்தால் மட்டும் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடாது. ஆனால் மேய்ச்சலும் இல்லை என்றால் அடிபட்ட பவளம் எழுவதற்கு வாய்ப்பே இராது.

மன்னார் வளைகுடாக் கரையில் பல பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக் கொள்வார்கள். கண்ணாடி மாட்டிக் கொண்டு மூழ்குவார்கள். பாறையில் கை கிழியும். முள்ளெலி குத்தும். ஆனாலும் பாசி கிடைத்தால்தான் அன்றைய கூலி. அவர்களில் சில ஊர்ப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்கே கட்டுப்பாடு வைத்துக் கொண்டார்கள். எல்லா நாளும் கடலில் இறங்குவதில்லை. மாதத்தில் 12 நாள்தான். இரும்புச் சுரண்டியால் சுரண்டுவதில்லை. கையால்தான் பறிப்பார்கள்.

இதில் பெரிய அறிவு இருக்கிறது. கையால் பறித்தால் பாசியின் அடிப்பிடிப்பு பாறையில் மிஞ்சும். அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். சுரண்டினால் பாசியும் போகும். அதில் குடியிருக்கும் ஆயிரம் சிறு உயிர்களும் போகும். அந்தச் சிறு உயிர்கள்தான் மீன் குஞ்சுகளுக்கு இரை.

அதே கரையில் பலர் மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி பயிரிடுகிறார்கள். தெப்பத்தின் அடியில் வலை கட்டுகிறார்கள். மேய வரும் மீன்கள் பயிரைத் தின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாசியை மீன் விரும்பும், எதை விரும்பாது என்பது அவர்களுக்குப் பிழைப்போடு சேர்ந்த கேள்வி.

நஞ்சும் உதவும்

பாசியின் நஞ்சு மனிதருக்கு உதவுமா என்றும் ஆராய்கிறார்கள். அஸ்பரகாப்ஸிஸ் என்று ஒரு சிவப்புப் பாசி உண்டு. தன்னைக் காத்துக் கொள்ள அது ஒரு புரோமின் பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மாடு அசை போடும்போது ஏப்பத்தில் மீத்தேன் என்ற வாயு வரும். அந்த வாயு பூமியைச் சூடாக்கும். இந்தப் பாசியை மிகச் சிறிய அளவில் தீவனத்தோடு சேர்த்தால் அந்த வாயு குறைகிறது. இதை ஆஸ்திரேலியாவிலும் வேறு நாடுகளிலும் கண்டறிந்திருக்கிறார்கள். குஜராத்தில் பாவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையம் கடல் பாசிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

ஆனால் எச்சரிக்கை தேவை. கரையில் கிடக்கும் பெயர் தெரியாத பாசியை எடுத்து மாட்டுக்குப் போடக் கூடாது. மனிதரும் தின்னக் கூடாது. எது உணவு, எது நஞ்சு என்பதைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும். அளவும் தெரிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

அரிசி மணி அளவு உயிரி. பாறையைக் கறுக்கும் முள்ளெலி. பாசியைச் சுரண்டும் கிளி மீன். இவற்றுக்கு யாரும் கூலி தருவதில்லை. ஆனால் இவை ஒரு நாள் வேலையை நிறுத்தினால் பாறை மூடிப் போகும். மீன் வளம் போகும்.

அதனால் கடலோர ஊர்களில் சிலவற்றைச் செய்யலாம். பாசியை அடியோடு சுரண்டாமல் பறிக்கலாம். பாறையில் மேயும் மீன்களை ஒரேயடியாகப் பிடித்துத் தீர்க்காமல் இருக்கலாம். சின்னக் கண்ணி வலையைத் தவிர்க்கலாம். ஊர்ச் சாக்கடையும் உரம் கலந்த நீரும் நேராகக் கடலில் கலக்காமல் பார்க்கலாம். அந்த நீரில் உள்ள சத்து பாசியை மேலும் கொழுக்க வைக்கும். ஊர் கூடிப் பேசினால் இவை எல்லாம் நடக்கும். பாசி எடுக்கும் பெண்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் ஆடு மாடு தொடாத செடிகள் எவை? அவற்றைத் தின்னும் புழு பூச்சி உண்டா?

2. ஆம்பிபாட் ஏன் மீனுக்குப் பிடிக்காத பாசியைத் தேடிக் குடியிருக்கிறது?

3. ஜமைக்காவில் முள்ளெலிகள் இறந்ததும் பவளம் ஏன் அழிந்தது?

4. பாசியைச் சுரண்டுவதற்கும் கையால் பறிப்பதற்கும் என்ன வேறுபாடு?

5. உங்கள் ஊர்க் குளம், ஆறு, காடு, கடல் எதுவாக இருந்தாலும் சரி. அதைக் காக்க ஊர் கூடி என்ன கட்டுப்பாடு வைக்கலாம்?